பதிய வந்தனீங்களா?

2021 பெப்ரவரியில் ஒரு காலை. குச்சவெளிப் பக்கத்து ஊர் ஒன்றில் பஸ்ஸால் இறங்கி முதல் ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஒரு அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். என் கையில் கிளிப் மட்டை, அதில் 14 பக்கப் படிவம், காதில் பேனை. "பதிய வந்தனீங்களா?" என்று கேட்டார். "இல்லையம்மா, ஆய்வொன்று செய்ய வந்தனாங்கள்" என்றேன். "அதுதான் பிள்ளை, என்ர பேரையும் பதியுங்கோ" என்றார்.

அந்த வசனம் விளங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

புரெவிச் சூறாவளி 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே, திரியாய் குச்சவெளிப் பக்கமாகத்தான் கரை கடந்தது. நான் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்குக் கள உதவியாளராகப் போனேன். கேள்வி பார்வைக்கு இலேசானது. எச்சரிக்கை கிடைத்ததா? கிடைத்தும் சிலர் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை? அதன் பதிலை வைத்து மாவட்டத் திட்டத்தில் எதை மாற்றலாம்? பேப்பரில் ஆறு மாத வேலை, கடைசியில் மூன்று வருடம் இழுத்தது. இனி இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் அச்சிட்ட அறிக்கையில் இதில் பாதிகூட இல்லை.

முதல் வாரம் 60 வீடுகள் முடித்தோம். இரவில் படிவங்களைக் கூட்டிப் பார்த்த என் தோழி சிரிக்கத் தொடங்கினாள். ஒரு வீட்டில் கூரைத் தகடு 55 பறந்துவிட்டதாக எழுதியிருந்தது. அந்த வீட்டை இருவருமே பார்த்திருக்கிறோம், முழுக் கூரைக்கும் 30 தகடு கண்டால் பெரிய விஷயம். அடுத்த வீட்டிலும் அப்படி, அதற்கடுத்த வீட்டிலும் அப்படி. எச்சரிக்கை கிடைத்ததா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் "இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அதே ஒழுங்கையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தது எல்லாருக்கும் தெரியும். ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) வீடு வீடாக வந்ததையும் எல்லாரும் சொன்னார்கள், ஆனால் படிவத்தை மூடிய பிறகு.

சனம் பொய் சொன்னது என்று குழுவில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் அனர்த்தம் முடிந்து பேப்பரோடு வருகிற ஆள் யார்? நிவாரணத்துக்குப் பதிகிறவர். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை பட்டியலோடு வந்துபோனார்கள் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெயர் இருந்தவனுக்கு வீடு, பெயர் விடுபட்டவனுக்கு அலைச்சல். குறைத்துச் சொல்கிறவன் மடையன் என்று அனுபவமே படிப்பித்திருக்கிறது. எச்சரிக்கை கிடைத்தது என்று சொன்னால் "அப்ப ஏன் போகேல்லை, உனக்கு எதற்கு உதவி" என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. அவர்கள் நிவாரணக் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்கள். நாங்கள் கேட்டது ஆய்வுக் கேள்வி என்று எங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

இது எங்கள் படிவத்தோடு முடிகிற பிரச்சினை இல்லை. இலங்கையில் வெள்ளமோ புயலோ வந்தால் கிராம உத்தியோகத்தரிடமிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து மாவட்டச் செயலகம், அங்கிருந்து கொழும்பு என்று எண்கள் ஏறிப்போகின்றன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள், ஆட்கள், இறந்தோர், காயப்பட்டோர், காணாமற்போனோர், முழுச் சேதமான வீடு, பகுதிச் சேதமான வீடு, பாதுகாப்பு நிலையங்களில் தங்கியோர். நாளாந்த அறிக்கையின் நிரல்கள் இவைதான். சமைத்த உணவு எத்தனை பார்சல் வேண்டும் என்று தீர்மானிக்க இது போதும். எச்சரிக்கை எத்தனை மணிக்குக் காதில் விழுந்தது, யார் சொல்லி விழுந்தது, விழுந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு நிரலும் இல்லை. ஆனால் கொள்கையை மாற்ற வேண்டுமென்றால் அதுதானே வேண்டும்?

சரி, என்ன செய்தோம்? முதலில் 60 படிவத்தையும் கட்டி அலுமாரியில் வைத்தோம். பேராசிரியர் ஒரு வாரம் எங்களோடு கதைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் நான் மட்டையைக் கொண்டுபோகவில்லை. முதல் நாள் சும்மா போய் இருந்து கதைப்பது, அடுத்த நாள்தான் எழுதுவது. சேதம் பற்றிய கேள்விகளை அடியோடு வெட்டினோம். அது எப்படியும் பிரதேச செயலகத்தில் இருக்கிறது, நாங்கள் திருப்பிக் கேட்டால் மறுபடி நிவாரணப் பேச்சாகிவிடும். அதைவிட உதவியது, கேள்வியை இந்தப் புயலில் தொடங்காமல் பழையதில் தொடங்கியது. 1964 டிசம்பர்ச் சூறாவளி வயதானவர்களுக்கு நினைவிருக்கிறது. கந்தளாய்ப் பக்கம் போனால் "குளம் உடைஞ்ச வருசம்" என்பார்கள். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் அதிகமானோர் செத்துப்போனது இன்றைக்கும் அங்கே நாட்காட்டி மாதிரி. அந்தக் கதைக்கு யாரும் நிவாரணம் தரப்போவதில்லை என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். அந்த ஓட்டத்திலேயே புரெவிக்கும் வந்துவிடுவார்கள்.

நேரத்தைக் கேட்கும் முறையையும் மாற்றினோம். "எத்தனை மணிக்கு எச்சரிக்கை கிடைத்தது?" என்றால் யாருக்கும் சொல்லத் தெரியாது. "கரண்ட் போனதுக்கு முந்தியா பிந்தியா? இஷா பாங்கு சொல்லியாச்சா? கடைசி பஸ் போட்டுதா?" என்று கேட்டால் கால் மணித்தியாலம் பிசகாமல் வந்துவிடும். இப்படிக் கேட்டபோதுதான், முதல் சுற்றில் "இல்லை" என்ற அதே ஆட்களுக்கு மூன்று வழியால் எச்சரிக்கை போயிருந்தது தெரிந்தது. அவர்களை எழும்ப வைத்தது மட்டும் பெரும்பாலும் நாலாவது ஒன்று, சொந்தக்காரர் ஒருவரின் போன். எழும்பாதவர்களுக்கும் காரணம் இருந்தது. அது கொரோனாக் காலம், பள்ளிக்கூட மண்டபத்தில் நெருக்கியடித்துப் படுக்கப் பயம். மாடு இருந்தது. வள்ளத்து எஞ்சினைக் கழற்றி யார் தூக்குவது? ஒரு அக்கா நகையை அடைவு வைத்த துண்டைத் தேடிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது என்றார். அந்தத் துண்டு துலைந்தால் நகை துலைந்த மாதிரி.

கையெழுத்து இன்னொரு தலையிடி. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு ஒவ்வொரு ஆளிடமும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். யுத்தம் கண்ட சனத்திடம், அதுவும் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, "இதில் ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றால் வாசலில் வெளிச்சம் போய்விடும். நல்லாக் கதைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அந்தத் தாளைக் கண்டதும் "மகனைக் கேட்டுச் சொல்லுறன்" என்று எழும்பிப் போனார். கடைசியில் வாய்மூலச் சம்மதம், பக்கத்தில் ஒரு சாட்சி, பெயருக்குப் பதில் இலக்கம் என்று மாற்ற அனுமதி கேட்டோம். அனுமதி வர ஐந்து மாதம். இதைத் தொடக்க விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தால் அந்த மாதங்கள் மிஞ்சியிருக்கும். வடக்கு கிழக்கில் வேலை செய்யப் போகிறவர்கள் இதை மட்டுமாவது மறக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்புப் பற்றி ஒரு சின்னக் கதை. ஆங்கிலப் படிவத்திலிருந்து வந்த ஒரு கேள்வி: "அனர்த்தத்துக்கு எதிரான உங்கள் தாங்குதிறனை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்?" மூதூரில் ஒரு அப்பா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "தாங்கித்தானே மகள் இருக்கிறம்" என்றார். அன்று இரவே அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டோம்.

இனி வெருகல். என்னை மாற்றிய இடம் அதுதான்.

மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறாகக் கடலுக்குப் போகிறது, மற்றது கொட்டியாரக் குடாவில் விழுகிறது. எங்கள் மாவட்டத்தின் பெரிய வெள்ளங்கள் பலவும் எங்கள் வானத்திலிருந்து வருவதில்லை. மலைநாட்டில் பெய்த மழை பொலன்னறுவை தாண்டி இறங்கி வரும். நீர்ப்பாசனத் திணைக்களம் பொலன்னறுவைப் பக்கத்து மன்னம்பிட்டியில் ஆற்றின் மட்டத்தை அளந்து, இவ்வளவு மீற்றர், எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ளம், பெரு வெள்ளம் என்று அறிவிக்கிறது. அறிவியல்படி சரியான முறை. ஆனால் ஆற்றங்கரை வீட்டில் இருப்பவருக்கு மன்னம்பிட்டி மீற்றர் என்ன சொல்லும்? அதுவும் வெயில் எறிக்கும் நேரத்தில்? "மழை விட்டிட்டுது, இனி என்ன" என்று உடுப்புத் தோய்த்துக் காயப்போட்ட அன்றுதான் தண்ணீர் வந்தது என்று ஒருவர் இல்லை, பலர் சொன்னார்கள்.

அங்கே ஒரு அக்கா வீட்டில் கதவு நிலையில் கரிக்கோடுகள் கண்டேன். முழங்காலுக்குக் கீழே ஒன்று, இடுப்பளவில் ஒன்று, இடையில் இரண்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டு, சிலதற்கு மாதமும். மேலே இருந்த தடித்த கோடு 2011 தை வெள்ளம். 2014 டிசம்பருக்கு ஒரு கோடு. பிள்ளைகளின் உயரத்துக்கும் அதே நிலையில்தான் கோடு போட்டிருந்தார், அது நீலச் சோக். ஒரு இடத்தில் நீலமும் கரியும் ஒட்டிக்கொண்டு நின்றன. "மூத்தவனுக்கு ஏழு வயசில தண்ணி அவன்ர நெஞ்சுக்கு வந்தது" என்று விரலால் தொட்டுக் காட்டினார். அந்த விரல் இருந்த இடம்தான் எங்கள் 14 பக்கமும் தேடிக்கொண்டிருந்தது.

"2011க்கு முந்தி?" என்று கேட்டேன். "அது பழைய வீட்டு நிலையில இருந்தது. 2006ல ஓடினம். திரும்பி வரேக்க வீடு இல்லை, பிறகெங்க நிலை" என்றார். ஐம்பது வருட ஆற்று வரலாறு ஒரு மரத்துண்டில் இருந்து சண்டையோடு போயிருக்கிறது. வெள்ளத் தரவு ஏன் இல்லை என்று கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பாதிப் பதில் இடப்பெயர்வு.

அவருக்குப் பொலன்னறுவைப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்கள். மன்னம்பிட்டிப் பாலத்தடியில் தண்ணீர் ஏறுகிறது என்று அங்கிருந்து போன் வந்தால், இங்கே எப்போது, எந்தக் கோட்டுக்கு வரும் என்று அக்காவுக்கு மனக்கணக்கு. நாங்கள் செய்தது அந்தக் கணக்கை எழுதிவைத்ததுதான். 23 வீடுகளில் நிலை, சுவர், கிணற்றுக்கட்டு என்று இருந்த அடையாளங்களை அளந்து, அந்தந்த நாட்களின் மன்னம்பிட்டி அளவோடு பொருத்தினோம். பழைய அளவுகளை எடுக்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். "வெள்ளம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதிய முதல் கடிதம் ஒன்றுக்கும் உதவவில்லை. இந்த அளவுகோல், இந்தத் தேதி தொடக்கம் இந்தத் தேதி வரை, நாளொன்றுக்கு இத்தனை வாசிப்பு என்று எழுதியதற்குப் பதில் வந்தது. 14 வேலைநாளுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

அப்புறம் கொள்கைப் பக்கம். அங்கேதான் உண்மையாக அடிவாங்கினோம்.

அனர்த்தக் கொள்கை என்றாலே எங்கள் கரையோரச் சனத்துக்கு முதலில் நினைவு வருவது 200 மீற்றர். சுனாமிக்குப் பிறகு 2005இல் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200. ஏன் இங்கே இரட்டிப்பு என்று அப்போது கேட்டவர்களுக்குத் திருப்தியான பதில் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதைத் தளர்த்திவிட்டார்கள். அதற்குள் பலர் உள்ளுக்குக் காணி வாங்கிக்கொண்டு போயாயிற்று. போனவர்கள் விடிய எழும்பிக் கரைக்கு வந்து, வலையும் எஞ்சினும் வைக்க வாடி போட்டு, பிறகு அந்த வாடியிலேயே படுக்கத் தொடங்கினார்கள். எத்தனை மீற்றர் என்று கேட்டவர்கள், வள்ளம் எங்கே நிற்கும் என்று கேட்கவில்லை. சட்டத்தில் ஒரு எண் ஏறும் முன் அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்குத்தான் எங்களைப் போன்ற ஆய்வெல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023இல் ஒரு கூட்டத்தில் எங்கள் அறிக்கையை வைத்தோம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. ஆங்கிலத்தில் 130 பக்கம், தமிழில் நாலு பக்கச் சுருக்கம். தமிழை நான் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தேன். அங்கிருந்த கணினியில் பாமினி இல்லை. திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் வந்து நின்றது. சிங்களம் பேசுகிற அதிகாரி ஒருவர் என்னிடம் மெதுவாக, நல்ல மனதோடுதான், "இது தமிழா?" என்று கேட்டார். அன்றிலிருந்து யூனிகோட் இல்லாமல் ஒரு வரியும் அடிப்பதில்லை.

எழுத்துரு போகட்டும். எங்களுக்கு 17 பரிந்துரைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேசையைச் சுற்றி ஒரே கேள்விதான் வந்தது: "இதுக்குச் சுற்றறிக்கை இருக்கா?" இல்லை என்றால் அடுத்த பரிந்துரை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் மேலே சபையையும் கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் உருவாக்கியது. நிவாரணத்துக்கு வேறொரு நிலையம் இருக்கிறது. ஆறு ஒரு திணைக்களம், பள்ளிக்கூடம் ஒரு திணைக்களம், கரையோரம் இன்னொன்று. கிராமத்தில் இவை எல்லாம் ஒரே ஜீ.எஸ்.ஸின் மேசைக்கு வந்து சேர்கின்றன. சட்டத்தைத் திருத்தச் சொல்லி 130 பக்கம் எழுதலாம், திருத்துவது பாராளுமன்றம். அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்த அதிகாரம் இல்லை, அவர்களிடம் போய் அதைக் கேட்டது எங்கள் பிழை.

கூட்டம் முடிந்து சிற்றுண்டிச்சாலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓய்வுபெறப் போகிற உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். "தங்கச்சி, அறிக்கையை ஒருத்தரும் அமுல்படுத்த மாட்டினம். சுற்றறிக்கையைத்தான் அமுல்படுத்துவினம். நீங்களே அதை எழுதித் தாங்கோ, ஒரு பக்கத்தில" என்றார். யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், எந்தச் செலவுத் தலைப்பில். தலைப்பு இல்லையென்றால் செலவில்லாமல் செய்யக்கூடிய மாதிரி. இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருட வரவு செலவு மதிப்பீட்டை இந்த வருட நடுவிலேயே கேட்டுவிடுவார்கள். நீங்கள் மாரி முடியத் தரவு எடுத்து, அடுத்த மாரிக்குக் கொஞ்சம் முந்தி அறிக்கையோடு வருகிறீர்கள், அப்போது பெட்டி மூடியாயிற்று. எனக்கு இந்தத் துறையில் கிடைத்த ஆகப் பெரிய படிப்பு அந்தப் பிளேன்டீதான்.

17இல் மூன்றை மட்டும் எடுத்தோம். ஒவ்வொன்றும் ஒரு பக்கம், தமிழிலும் சிங்களத்திலும். முதலாவது, மன்னம்பிட்டி அளவை ஊர் அடையாளமாக மாற்றுவது. அது நடந்தது. மின்கம்பங்களிலும் வாசிகசாலைச் சுவரிலும் மஞ்சள், சிவப்புக் கோடு. பெயின்ட் காசு ஊர்ச் சங்கம் போட்டது, கூட்டக் குறிப்பில் ஏறியதால் யாரும் தடுக்கவில்லை. இரண்டாவது, மாரிக்கு முன் கூட்டத்தில் மாடும் எஞ்சினும் எங்கே போகும் என்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது. அது ஒரு பிரதேசத்தில் நடந்தது. பிறகு அந்த அதிகாரிக்கு இடமாற்றம் வந்தது, நின்றுவிட்டது. ஒரு ஆளை நம்பிய மாற்றம் அந்த ஆளோடு பஸ் ஏறிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம், இந்த முறை கோப்பு வைத்திருக்கும் எழுதுநரிடமிருந்து.

மூன்றாவது, பள்ளிக்கூடம். எங்கள் மாரியும் உயர்தரப் பரீட்சையும் ஒரே மாதத்தில் வந்து மோதின. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்தது. பரீட்சை மண்டபமும் பாதுகாப்பு நிலையமும் ஒரே கட்டடம் என்றால் சனத்தை எங்கே கூட்டிப்போவது? பெண்கள் வீட்டை விட்டு வர மறுப்பதற்குச் சொன்ன முதற் காரணமும் பள்ளிக்கூடம்தான். இருட்டில் மைதானம் தாண்டிப் போக வேண்டிய மலசலகூடம், உள்ளே கொளுக்கி இல்லாத கதவு. ஒரு கொளுக்கி என்ன விலை? ஒருத்தி என்னிடம், "வெள்ளத்தில விறைச்சாலும் பரவாயில்லை, அந்தக் கதவை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு இருக்க ஏலாது" என்றாள். இதை ஆண் ஆய்வாளர்கள் எடுத்த நேர்காணல் ஒன்றிலும் நான் காணவில்லை. அந்த ஒரு பக்கத் தாள் இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு திணைக்களங்களின் கையெழுத்து வேண்டுமாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வாச் சூறாவளி வந்தது. நாடு முழுதும் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர். மூன்று நாளாக அக்காவின் போன் வேலை செய்யவில்லை. நாலாம் நாள் அவரே எடுத்தார். மன்னம்பிட்டியிலிருந்து போன் வந்ததும், சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், மாட்டை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளோடு முதல் உழவு இயந்திரத்திலேயே ஏறிவிட்டாராம். நிலையில் கோடு போட்டாச்சா என்று கேட்க வாய் வரவில்லை. வேறு எதையோ கேட்டேன்.

அவரே சொன்னார்: "நிலையில இடம் இல்லை பிள்ளை. மேல சுவரில சேறு நிண்ட இடத்தில போட்டிருக்கிறன். வரேக்க அந்த மஞ்சள் பெயின்டில கொஞ்சம் கொண்டு வாங்கோ, கரி ஈரத்தில பிடிக்குதில்லை."